எரிமேடை இலவசம், சாவு வட்டிக்கு

சென்னை மாநகராட்சி மயானங்களில் பிணத்தை எரிக்கவோ புதைக்கவோ கட்டணம் கிடையாது. மயிலாப்பூர் கைலாசபுரம், ஐஸ் ஹவுஸ் பக்கம் கிருஷ்ணாம்பேட்டை, தியாகராய நகர் கண்ணம்மாபேட்டை, அடையாறுக்காரர்கள் போகும் பெசன்ட் நகர் என்று எங்கே போனாலும் விதி ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் உயிர் போனால் உடலைக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு. 155377 என்ற எண்ணில் கூப்பிட வேண்டும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் அதற்கும் காசில்லை. காகிதத்தில் உள்ளபடி பார்த்தால் இந்த ஊரில் சாவதற்குச் செலவே இல்லை.

அப்படியானால் நம் சேரியில் ஒரு சாவு விழுந்தால் அந்தக் குடும்பம் இரண்டு வருஷம் எழுந்திருக்க முடியாமல் போவது ஏன்?

இயக்கப் பத்திரிகையில் கருமாதிக் கணக்கு எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். நிலம், கூலி, இட ஒதுக்கீடு, வன்கொடுமை இவையெல்லாம் அரசியல். சாவுச் செலவு வீட்டு விவகாரம் என்று நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். பிறப்பிலிருந்து நம்மிடம் வசூல் செய்துகொண்டே வரும் சாதி, கடைசித் தவணையைப் பிணத்தை வைத்துத்தான் வாங்குகிறது. அந்தத் தவணைக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத இடத்தில்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

சாவுச் செலவை ஒப்பிடுவது என்றால் மொத்தத் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது என்று நினைக்கிறோம். மொத்தத் தொகை பொய் சொல்லும். மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதற்காகக் கொடுத்தார்கள்? யார் கைக்குப் போனது? எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்? இந்த மூன்றையும் தென் சென்னையின் தெருக்களில் வைத்துக் கேட்டுப் பார்த்தால், ஒரே மயானத்துக்குப் போகிறவர்கள் ஒரே சாவு சாவதில்லை என்று தெரியும்.

மயிலாப்பூர் மாட வீதியைச் சுற்றியுள்ள ஒரு பார்ப்பன வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே அபர காரியம் முதல் நாள் தொடங்கிப் பதின்மூன்றாம் நாள் சுபம் வரை போகும். பத்தாம் நாள், பதினோராம் நாள் ஏகோதிஷ்டம், பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணம் என்று நாளுக்கொரு சடங்கு. பசு தானம், நிலம் தானம், பொன் தானம் என்று பட்டியல் நீளும். பசுவைக் கொண்டுவந்து கட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் ஏது? பசுவின் பேரைச் சொல்லிப் பணம், நிலத்தின் பேரைச் சொல்லிப் பணம். இதையெல்லாம் மொத்தமாகப் பேசி முடிக்கச் சாஸ்திரிகள் இருக்கிறார்கள். தொகை சின்னது இல்லை. ஆனால் அந்தப் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? சொந்தச் சாதிக்குள்ளேயே சுற்றுகிறது. கொடுக்கிறவருக்குப் புண்ணியம், வாங்குகிறவருக்குப் பிழைப்பு. பெரும்பாலும் ஓய்வூதியத்திலிருந்தும் வங்கி வைப்பிலிருந்தும் வருவதால் வட்டியும் கிடையாது. இந்தப் பதின்மூன்று நாளிலும் சாதிக்கு வெளியே ஒருவன் கைக்குப் போகும் காசு என்றால் அது மயானத்தில் வேலை செய்கிறவனுக்குக் கொடுப்பதுதான். பேரம் பேசுவது அவனிடம் மட்டும்தான்.

தியாகராய நகரில் கடை வைத்திருக்கும் ஒரு வணிகக் குடும்பத்தின் கணக்கு வேறு. நாளிதழில் படத்தோடு இரங்கல் விளம்பரம், அலங்கரித்த சவ ஊர்தி, பதினாறாம் நாள் மண்டபம், இலை போட்டுச் சாப்பாடு, ஆண்டு நினைவுக்கு மறுபடியும் விளம்பரம். இது செலவு மாதிரி தெரிந்தாலும் பாதி முதலீடு. யார் வந்தார், யார் மாலை போட்டார், எந்தச் சங்கத்தார் துக்கம் விசாரித்தார் என்பதெல்லாம் நாளைக்கு வியாபாரத்தில் வரவு வைக்கப்படும்.

அடையாறு பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டில் சாவு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிறது. விமானம் வந்து சேரும்வரை உடலைக் குளிரில் வைக்கப் பெட்டி, வண்டி, புரோகிதர், அஸ்தி கரைக்க ஆள் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. துக்கத்தில் இருப்பவனுக்குப் பேரம் பேச வராது என்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். இதை அமெரிக்காக்காரர்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். ஜெசிகா மிட்ஃபோர்டு 1963-இல் எழுதிய புத்தகம் அந்த நாட்டு ஈமச்சடங்கு நிறுவனங்கள் எப்படிக் கொள்ளையடிக்கின்றன என்று அம்பலப்படுத்தியது. சர்ச்சை இருபது வருஷம் நடந்தது. 1984-இல் அங்கே ஒரு விதி அமலுக்கு வந்தது: கேட்கிற எவருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை எழுதிய பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே சாவு வியாபாரத்துக்குக் கடிவாளம் தேவைப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

இனி நம் பக்கம் வருவோம். அடையாற்றங்கரையிலோ, மயிலாப்பூர்க் குப்பத்திலோ, கண்ணம்மாபேட்டைக்குப் பின்னால் உள்ள சந்திலோ ஒரு சாவு. கண்ணாடிப் பெட்டி வாடகை. சாமியானா, நாற்காலி, விளக்கு, ஜெனரேட்டர். மாலை, பூப்பல்லக்கு, கோடித் துணி. மேளம். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு டீ. கானா பாடக் கூப்பிட்டால் அதற்குத் தனி. சுவரொட்டி, தெரு முனையில் கண்ணீர் அஞ்சலித் தட்டி. வெடி. சரக்கு. மயானத்தில் குழி வெட்டுகிறவர்களுக்கு. மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம், கறிச் சோறு. இதில் ஒன்றுகூடப் பெரிய தொகை இல்லை. எல்லாம் சில்லறை. சில்லறை சில்லறையாகத்தான் ஒரு குடும்பம் மூழ்குகிறது.

பணம் எங்கிருந்து? இங்கேதான் ஒப்பீடு தலைகீழாகிறது. மொத்தம் 50,000 ரூபாய் ஆனது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாட வீதியில் அதே 50,000 ஒரு மாத ஓய்வூதியத்துக்குள் அடங்கிவிடலாம். நம் வீட்டில் அதை ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,500 வட்டி. ஒரு வருஷத்தில் 30,000 கட்டிய பிறகும் அசல் 50,000 அப்படியே நிற்கும். தலைவர் திவசம் வரும்போது செத்தவரைவிட வட்டிக்காரர்தான் அதிகம் நினைவுக்கு வருவார். தண்டல் வாங்கினால் 10,000 என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுப்பான். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மீட்டர் வட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வருமானத்தையும் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களில் ஆகப் பெரும்பாலோர் நம் பெண்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குத் தாரை வார்த்தால் 23,000-ஐ ஒட்டியிருந்த மாதச் சம்பளம் 17,000-க்கும் கீழே இறங்கும் என்பதுதான் அவர்கள் பதற்றம். நள்ளிரவில் போலீஸை வைத்து அப்புறப்படுத்தினார்கள். அந்த 17,000-ஐ வைத்து மேலே சொன்ன 50,000-ஐ அளந்து பாருங்கள். மூன்று மாதம் சாப்பிடாமல் கொள்ளாமல் வேலை செய்தால் ஒரு சாவை அடைக்கலாம். ஊரைச் சுத்தம் பண்ணுகிறவள் தன் புருஷனை அடக்கம் பண்ண மூன்று மாத உழைப்பைக் கொடுக்கிறாள். காதில் கிடப்பது முதலில் அடகுக்குப் போகிறது; பிறகு மகளிர் குழுக் கடன். சுடுகாட்டுக்கு வராதே என்று பெண்ணை வாசலோடு நிறுத்திவிடுகிறோம். சுடுகாட்டுக் கடனை மட்டும் அவள் தலையில் ஏற்றி வைக்கிறோம்.

"இவங்களுக்கு எதுக்கு இவ்ளோ ஆடம்பரம்? குடிச்சிட்டு ஆடுறதுக்குக் கடனா?" என்று கேட்கிற நடுத்தர வர்க்கக் குரல் எனக்குக் கேட்கிறது. சில முற்போக்குத் தோழர்களின் வாயிலிருந்தும் இதே குரலைக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லியாக வேண்டும்.

உயிரோடு இருக்கிறவரை அந்த மனுஷனுக்கு இந்த நகரம் ஒரு தடவைகூட வழிவிட்டதில்லை. சாக்கடைக்குள் இறங்கினான், மூட்டை தூக்கினான், ரிக்சா மிதித்தான், கடற்கரையில் குப்பை பொறுக்கினான். போக்குவரத்தை நிறுத்தி, வாகனங்களை ஒதுங்க வைத்து, ரோட்டின் நடுவில் அவன் போகிற ஒரே நாள் அவன் சவ ஊர்வல நாள். "கெத்தா அனுப்பணும்பா" என்று பையன்கள் சொல்வதில் வெறும் போதை மட்டுமே இருக்கிறது என்று நினைப்பவனுக்கு நம் சரித்திரம் தெரியாது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களும் இப்படித்தான் செய்தார்கள். அடிமை வாழ்வுக்குப் பின் அவர்கள் தெருவுக்குத் தெரு உதவிச் சங்கம் கட்டி, மாதா மாதம் சந்தா சேர்த்து, வாத்தியக் குழுவோடு தங்கள் பிணங்களை அனுப்பினார்கள். போகும்போது சோக இசை. அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம். நம் மரண கானாவும் சாவுக் குத்தும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

கண்ணியமாகப் புதைக்கப்பட மாட்டோம் என்ற பயம் ஏழைகளுக்கு உலகம் பூராவும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1832-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏழை விடுதிகளில் செத்து, கேட்க ஆளில்லாத பிணங்களை மருத்துவக் கல்லூரிகள் அறுத்துப் படிக்க எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. அதற்குப் பிறகு அந்நாட்டுத் தொழிலாளி, ரொட்டிக்கு இல்லாவிட்டாலும் சவக்குழிக்கு என்று வாரம் ஒரு பென்னி கட்டினான். அனாதைப் பிணமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக அவன் கொடுத்த விலை அது.

நமக்கோ பயம் மட்டுமில்லை, அனுபவமும் இருக்கிறது. 2016 ஜனவரியில், அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப் பாதை வழியாகக் கொண்டுபோகச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய போலீஸ், சொந்தக்காரர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தானே பிணத்தைத் தூக்கிக்கொண்டு வேறு வழியில் போய் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், ஆதிக்க சாதியினரின் நிலத்து வழியை மறித்ததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, ஆதிதிராவிடருக்கென்று அரசே தனிச் சுடுகாடு ஒதுக்குவது ஏன் என்று கேட்டது. சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள கிராமத்துக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அரசியல் சட்டம் குற்றம் என்று சொன்னதைச் செய்யாமல் இருப்பதற்குப் பரிசு! சேசுவின் பேரைச் சொன்னாலும் தப்பிக்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைக்குள் எழுப்பிய சாதிச் சுவரை எதிர்த்துத் தலித் கிறித்தவர்கள் எத்தனை வருஷம் போராடினார்கள்!

இந்த மண்ணிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள்தாம் நாம். அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா' படம் 2018-இல் திரைக்கு வந்தது. சென்னையில் வேலை செய்யும் தலித் இளைஞன், அப்பனின் பிணத்தைப் பொதுப் பாதையில் கொண்டுபோக ஊரோடும் போலீஸோடும் நீதிமன்றத்தோடும் மல்லுக்கட்டுவதுதான் கதை. அப்படி ஓர் அவமானத்தை முதுகில் சுமந்து வந்தவன், வழி மறிக்க ஆளில்லாத நகரத்துத் தார் ரோட்டில் பூவை இறைத்துக்கொண்டு போகிறான். அவனைப் பார்த்து "ஆடம்பரம்" என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை உண்டு?

2020 ஏப்ரலில் இந்த நகரத்து மேல்தட்டுக்கும் அந்த அவமானத்தின் ருசி ஒரு ராத்திரி தெரிந்தது. கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை வேலங்காடு மயானத்தில் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்களின் மண்டை உடைந்தது. சக மருத்துவர் ஒருவர் தன் கையால் மண்ணைத் தள்ளிப் புதைத்தார். கண்ணியமான அடக்கம் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னையே அழுதது. அழுதது சரிதான், அந்தக் கொடுமைக்கு எத்தனை அழுதாலும் தகும். ஊர்த் தெருவில் நம் பிணங்கள் மறிக்கப்பட்ட ஆயிரம் ராத்திரிகளில் அந்தக் கண்ணீர் எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே நம் மக்கள் செலவு செய்வது மானத்துக்காக. அதை நான் மதிக்கிறேன். மானத்தைக் காசு கொடுத்து வாங்கும்படி வைத்திருக்கிற ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறேன். சாவு வீட்டிலிருந்து கடைசியில் லாபத்தோடு எழுந்து போகிறவர்கள் யார்? வட்டிக்காரன், தட்டி அச்சடிக்கிறவன், அரசாங்கச் சாராயக் கடை. செத்தவன் பேரில் விழுந்த மாலை மறுநாள் வாடிவிடும். வட்டி வாடாது.

இப்போது மயானத்துக்குள் போவோம். "எரிக்கிறது ஃப்ரீன்னு சொல்றான், உள்ள போனா ஆளாளுக்குக் காசு கேக்குறான்" என்பது இந்த நகரத்தின் நிரந்தரப் புகார். லஞ்சம் என்கிறார்கள். வெட்டியான் கொள்ளை என்கிறார்கள். நம்மவர்களும் சொல்கிறார்கள்.

இந்தப் புகாரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அரிச்சந்திரன் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டு மயான வாசல்களில் அவனுக்குக் கல் நட்டோ கோயில் கட்டியோ வைத்திருப்பார்கள். பிணத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவன் கதை என்ன? நாட்டை இழந்த ராஜா சுடலை காக்கும் வேலைக்கு வருகிறான். பெற்ற பிள்ளையின் பிணத்தைச் சுமந்துகொண்டு பெண்டாட்டி வருகிறாள். அவளிடமே கட்டணம் கேட்கிறான். கால் பணமும் முழத் துண்டும் எசமானுக்குச் சேர வேண்டியது, வாய்க்கரிசி மட்டும்தான் என் கூலி, என் கூலியை விட்டுக்கொடுக்கிறேன், எசமானின் பங்கை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை என்கிறான். ராஜா கேட்டால் அதற்குப் பேர் சத்தியம். தலைமுறை தலைமுறையாக அதே சுடலையில் நிற்கிற நம்மாள் கேட்டால் லஞ்சம். கூத்துக்கட்டி விடிய விடிய அழுத ஊர், விடிந்ததும் சுடலைக்காரனைத் தெருவுக்குள் விட்டதா?

அந்தக் கதையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. வேலை செய்தவனுக்குக் கிடைத்தது பிணத்தின் வாயில் போட்ட அரிசி. பணமும் துணியும் மேலே போனது. இன்றைக்கும் மயானங்களில் உழைப்போரில் பலர் ஒப்பந்தக்காரருக்குக் கீழேயும், நிரந்தர வேலை என்ற பேச்சே இல்லாமலும்தான் இருக்கிறார்கள். அப்பன் செய்த வேலையை மகன் செய்கிறான். கொரோனாவில் பிணங்கள் வரிசை கட்டி நின்றபோது பெற்ற பிள்ளையே கிட்டே வரப் பயந்தான், இவர்கள்தான் தூக்கினார்கள். எரிமேடை இலவசம் என்று அரசு அறிவித்தது நல்லது. அந்த எரிமேடைக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் கூலியைச் சேர்த்து யார் கொடுப்பது என்பதைத் தெளிவாக்காமல் விட்டதால், அந்தக் கூலி அழுதுகொண்டு வருகிற குடும்பத்தின் தலையில் விழுகிறது. சேரிக்காரனின் பிணத்துக்குச் சேரிக்காரனே காசு கேட்கும்படி நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் சண்டை போடுவதை அதிகாரம் வேடிக்கை பார்க்கிறது. சுடுகாட்டுச் சாம்பலைப் பூசிக்கொண்டு கையில் கபாலம் ஏந்திய சாமிக்கு மயிலாப்பூரில் கோபுரம். எலும்பிலிருந்து பூம்பாவையை எழுப்பிய கதைக்கு ஆண்டுதோறும் திருவிழா. அந்தச் சாம்பலை அள்ளுகிறவனுக்குத் தீட்டு.

வேறொரு செலவும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. 2000-த்திலிருந்து மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்தே செத்தார். உயிரோடு இருப்பவர்களின் வேலையும் பள்ளிக்கூடமும் தொலைந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். செத்தவர்களும் இடம் பெயர்ந்தார்கள். பாட்டன் கிடக்கிற மண்ணில், பெண்டாட்டி எரிந்த இடத்தில் என்னையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாகிற கிழவனைக் கண்ணகி நகரிலிருந்து கைலாசபுரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், பதினைந்து கிலோமீட்டருக்கு வண்டி, கூட வருகிறவர்களுக்கு வேன். பெரும்பாக்கம் என்றால் இன்னும் தூரம். முன்பு தோளில் தூக்கிப் போன பிணத்துக்கு இப்போது டீசல் போட வேண்டியிருக்கிறது. இந்த மண்ணில் நமக்குச் சரித்திரம் இருக்கிறது. ஓட்டேரியில் ரெட்டமலை சீனிவாசன் கிடக்கிறார். மூலக்கொத்தளத்தில், 1939-இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்விட்ட தலித் இளைஞர் நடராசன் கிடக்கிறார். வீட்டைப் பிடுங்கினால் சுடுகாடும் சேர்ந்து போகிறது. சுடுகாடு போனால் இங்கே வாழ்ந்தோம் என்பதற்குச் சாட்சியும் போகிறது.

நம் முன்னோர்கள் இந்தச் சிக்கலை யோசிக்காமல் இல்லை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் எடுத்துக்கொடுத்த 22 உறுதிமொழிகளில், சிராத்தம் செய்ய மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்பது ஒன்று. பார்ப்பனரை வைத்து எந்தச் சடங்கும் செய்ய மாட்டேன் என்பது இன்னொன்று. அது வெறும் நாத்திகப் பிரச்சாரமில்லை. நம் வீட்டுப் பணம் நம்மை இழிவுபடுத்துகிறவன் கைக்குப் போகக் கூடாது என்ற பொருளாதாரத் திட்டமும் அதற்குள் இருக்கிறது. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் புரோகிதன் இல்லாத சாவை ஊர் ஊராய் நடத்திக் காட்டியது. இளையபெருமாள் காலத்திலிருந்து தென்னார்க்காட்டுச் சேரிகள், ஊர்க்காரன் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நின்று அடி வாங்கின. இலவசமாகச் செய்த இழிதொழிலை நிறுத்தியது முதல் கட்டம். நம் சாவை நாமே கடனில்லாமல் நடத்துவது அடுத்த கட்டம். அதில் நாம் பின்தங்கிவிட்டோம்.

நான் முன்வைப்பவை இவை. விவாதியுங்கள், திருத்துங்கள்.

1. ஒவ்வொரு மயானத்திலும் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலிலும் எவையெல்லாம் இலவசம் என்று எழுதப்படிக்கத் தெரிந்த எவனுக்கும் கண்ணில் படும்படி பெரிய பலகை வேண்டும். பில் பாக்கிக்காகப் பிணத்தைப் பிடித்து வைக்கத் தனியார் மருத்துவமனைக்கு உரிமை கிடையாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் இருக்கிறது. அதையும் அந்தப் பலகையிலேயே எழுத வேண்டும்.

2. கண்ணாடிப் பெட்டி, சவ வண்டி, சாமியானா எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் கட்டாயமாக்கப்பட வேண்டும். 2021 மே மாதம் கொரோனா நேரத்தில் தனியார் ஆம்புலன்ஸ்களுக்கு அரசு கட்டணம் நிர்ணயித்தது. உயிர் ஊசலாடும்போது முடிந்தது, உயிர் போன பிறகு முடியாதா?

3. மயானத் தொழிலாளர் அனைவருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், கையுறை, காப்பீடு, ஓய்வூதியம். அந்த வேலைக்கு எல்லாச் சாதியாரும் விண்ணப்பிக்க விளம்பரம் கொடுக்கட்டும். 2021-இல் பல சாதியாரையும் அர்ச்சகராக நியமித்த அரசை வரவேற்றோம். கருவறைக் கதவு திறப்பது போல சுடுகாட்டு வேலையின் கதவும் எல்லாச் சாதிக்கும் திறக்கட்டும். மாட வீதியிலிருந்து எத்தனை விண்ணப்பம் வருகிறது என்று பார்ப்போம்.

4. மறுகுடியேற்றம் என்று சொல்லி விரட்டிய இடங்களில், வீட்டில் இறந்தாலும் உடலைப் பழைய மயானத்துக்கே கொண்டுவர இலவச வண்டி வேண்டும். இனி எந்தக் குடியிருப்பையும் இடிக்கக் கூடாது என்பதுதான் முதல் கோரிக்கை.

5. இது நமக்கு. தெருவுக்கு ஒரு சாவு நிதி. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், 100 வீடு என்றால் மாதம் 5,000, வருஷம் 60,000. கண்ணாடிப் பெட்டியும் நாற்காலியும் பந்தலும் சங்கத்துக்கே சொந்தமானால் வாடகை மிச்சம். மேளம் அடிப்பவர் நம் பிள்ளைகள். அவர்களுக்கு மரியாதையாகக் கூலி கொடுப்போம். பாட்டு இருக்கட்டும், பூ இருக்கட்டும், ரோட்டை மறித்துப் போவதும் இருக்கட்டும். வட்டிப் பணத்தில் சரக்கு வேண்டாம். புரோகிதன் வேண்டாம். தட்டிக்குப் போகிற காசு அந்த வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகட்டும். கணக்கு நோட்டு பெண்கள் கையில் இருக்கட்டும். கடன் அடைத்தவர்களுக்குத்தான் கணக்குத் தெரியும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் கடைசியாக நடந்த மூன்று சாவுகளின் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். எதற்கு, யாருக்கு, எங்கிருந்து என்ற மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். பேர் வேண்டாம், வட்டி விகிதம் கட்டாயம் வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் காகிதமும் பேனாவுமாகப் போய் நிற்காதீர்கள், போனவுடன் கேட்காதீர்கள், அந்த அம்மா பேச ஆரம்பிக்கிறவரை உட்கார்ந்திருங்கள். வருகிற கணக்குகளைத் தொகுத்து இதே பக்கங்களில் வெளியிடுவோம். பிறகு அதை எடுத்துக்கொண்டு ரிப்பன் மாளிகைக்குப் போவோம்.